பெயிண்ட் அடித்ததால் புல்லட் விலை விழுந்துவிட்டதா?

வாசகர் எழுதியது, சுருக்கமாக:

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். வயது 33. 2021 டிசம்பரில் கடன் போட்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினார். ஹால்சியன் பச்சை, ஆன்ரோடு 2.28 லட்சம். 2023இல் அவிநாசி சாலையில் மழை நாளில் சறுக்கி விழுந்ததில் டேங்க்கின் வலப்பக்கம் நசுங்கியது. இன்சூரன்ஸ் கிளெய்ம் போகாமல் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்து டிங்கரிங் செய்தார். அதோடு வண்டியையே மேட் கறுப்புக்கு மாற்றிவிட்டார். டேங்க்கில் குலதெய்வம் கருப்பராயனின் குதிரை, ஏர்பிரஷ்ஷில். சைடு பேனலில் தங்க நிறத்தில் மகள் பெயர். மொத்தச் செலவு 46,000 ரூபாய். அப்போதே சைலன்சரையும் மாற்றியிருக்கிறார், பழையது பரணில் இருக்கிறது.

இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. காருக்கு முன்பணம் கட்ட வண்டியை விற்க வேண்டும். அவர் எதிர்பார்ப்பது 1.75 லட்சம். பழைய வண்டி வாங்கி விற்கும் இரண்டு ஆட்டோ கன்சல்டிங்கில் கேட்டதற்கு ஒருவர் 1,10,000, இன்னொருவர் 1,15,000 சொன்னார்கள். அதே வருட வண்டி, கம்பெனி பெயிண்டோடு, இணையத்தில் 1.45 லட்சத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். 'ஆசையாக அடித்த பெயிண்ட் 30,000 ரூபாயைத் தின்றுவிட்டதா?' என்று கேட்கிறார். நண்பர் ஒருவர், விழுந்த கதையைச் சொல்லாதே என்கிறார். மனைவி, பழைய பச்சைக்கே மாற்றிவிடலாம் என்கிறார். இதற்கிடையில் ஒருவர், 'ஆர்மி கிரீன் அடித்துக் கொடுங்கள், 1,30,000 ரொக்கமாகத் தருகிறேன். பெயர் மாற்றத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். கடன் 2024 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்றும், ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இன்னும் இருக்கிறது என்றும் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு தகவல்.

அன்புள்ள நண்பருக்கு,

வண்டிகளுக்கு மதிப்பு போடுவதும் இன்சூரன்ஸுக்கு சர்வே பார்ப்பதும் என் தொழில். கம்பெனி நிறத்தை மாற்றிய வண்டிக்கு விலை குறையும், உண்மைதான். ஆனால் உங்கள் வண்டியில் பெயிண்ட் தின்றது 30,000 இல்லை. அந்தப் பணத்தில் பெரும் பகுதி வேறு இடங்களில் போகிறது, அதில் சிலதை நீங்கள் ஒரு வாரத்தில் மீட்டுவிடலாம். பெயிண்டையே பார்த்துக் கொண்டிருந்ததால் அவை உங்கள் கண்ணில் படவில்லை.

30,000 கணக்கு

முதலில் 1.45 லட்சம் என்ற எண்ணை விடுங்கள். அது விளம்பரத்தில் கேட்கிற விலை. பேசி முடியும்போது 1.35க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கன்சல்டிங்காரர் அந்த வண்டியை வாங்கினாலும் கழுவி, சர்வீஸ் விட்டு, டயர் பார்த்து, கடை வாடகை கொடுத்து, இரண்டு மாதம் நிறுத்தி வைத்து விற்க வேண்டும். 12,000 முதல் 15,000 வரை அவருக்கு வைத்துக்கொள்ளாமல் வாங்க மாட்டார். ஆக, கம்பெனி பச்சையில் கீறல் இல்லாமல் நீங்கள் கொண்டுபோயிருந்தாலும் அவர் கையிலிருந்து 1,20,000 அல்லது 1,22,000தான் வந்திருக்கும். உங்களுக்குச் சொன்னது 1,15,000. வித்தியாசம் அதிகம் போனால் ஏழாயிரம். அந்த ஏழாயிரத்துக்குள்தான் பெயிண்ட், சைலன்சர், முடிக்காத எச்.பி. (ஆர்.சி.யில் நிற்கும் வங்கிக் கடன் பதிவு) எல்லாமே அடங்கியிருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் பச்சையிலேயே வைத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாதது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. உங்கள் வண்டி 349 சிசி, அந்த வரம்புக்குள் வருகிறது. புது வண்டி விலை ஏறத்தாழ 20,000 ரூபாய் இறங்கியதும் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கியது. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் தன் கிளாசிக்கை 1.60க்கு விற்றார் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், ஆனால் அந்த விலை இன்று இல்லை. 1.75 லட்சத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ஷோரூமில் புதிதே கிடைக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியும்.

46,000ஐ ஏன் சேர்த்துக் கேட்க முடியாது

உங்கள் கடிதத்தில் 1.75 லட்சம் எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. 1.30 வண்டி, 0.46 பெயிண்ட். இந்தக் கூட்டலைச் சந்தை ஒப்புக்கொள்ளாது. நீங்கள் துணித் தொழிலில் இருப்பவர்: உங்கள் தோள் அளவுக்கு நல்ல டெய்லரிடம் தைத்த சட்டையை இன்னொருவருக்கு விற்கப் போனால் தையல் கூலியைக் கேட்க முடியாது. வேலை மட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் குதிரையின் பிடரிமயிரைப் பார்த்தேன், ஏர்பிரஷ் பிடித்தவர் கைதேர்ந்தவர். ஆனால் வாங்க வருகிற பத்துப் பேரில் உங்கள் குலதெய்வத்தைத் தன் டேங்க்கில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மகள் பெயருக்கு அந்த இரண்டு பேரும் வர மாட்டார்கள். பெயிண்ட் விலையைக் குறைப்பது இப்படித்தான்: வாங்க வருகிற ஆள் குறைகிறார், பேரம் பேசப் போட்டி இல்லாமல் போகிறது.

விதிவிலக்கு உண்டு, இல்லாமல் இல்லை. 2018இல் ராயல் என்ஃபீல்டே கிளாசிக் 500 பெகாசஸ் என்று ஒன்று போட்டது. இந்தியாவுக்கு ஒதுக்கியது 250 வண்டி மட்டும், மூன்று நிமிடத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. அது கம்பெனியே எண் போட்டுக் கொடுத்த பெயிண்ட். பெயர்பெற்ற கஸ்டம் பில்டர் ஒருவர் முழு வண்டியையும் கட்டினால் அதற்கென்று ஒரு சின்னச் சந்தை இருக்கிறது. மற்றபடி, பழைய வண்டிப் பைத்தியங்களைக் கேட்டுப் பாருங்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகட்டும், மைசூரில் செய்த யெஸ்டி ஆகட்டும், அவர்கள் முதலில் கேட்பது 'ஒரிஜினல் பெயிண்டா?' என்றுதான். மங்கிப்போன கம்பெனி பெயிண்டுக்குக் கொடுக்கிற விலையைப் பளபளக்கும் புதுப் பெயிண்டுக்குக் கொடுக்க மறுப்பார்கள்.

உங்கள் பாலிசியில் ஐ.டி.வி. 98,000 என்று இருப்பதால்தான் கன்சல்டிங்காரர்கள் குறைத்துக் கேட்கிறார்கள் என்று ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஐ.டி.வி. என்பது கம்பெனியின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழிக்கிற ஒரு அட்டவணைக் கணக்கு. மூன்று முதல் நான்கு வருட வண்டிக்கு 40 சதவீதம், நான்கு முதல் ஐந்துக்கு 50 சதவீதம் என்று போகும். வண்டி திருடுபோனால் கிடைக்கும் தொகைக்கான உச்சவரம்பு அது. குதிரைப் படம் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. விற்பதற்குள் மறுபடி எங்காவது உரசி கிளெய்ம் போனால் அப்போதும் அப்படித்தான். தனியாக மதிப்பு சொல்லி பாலிசியில் சேர்க்காத வரை சர்வேயருக்கு அது சாதாரண பெயிண்ட். அதிலும் பெயிண்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிட்டுத்தான் கொடுப்போம்.

டேங்க்கைத் தட்டிப் பார்ப்பவர் எதைத் தேடுகிறார்

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். விழுந்ததைச் சொல்லாதே என்கிறார். நிறம் மாறிய வண்டியைப் பார்த்ததும் விவரம் தெரிந்த யாருக்கும் முதலில் தோன்றுவது, 'எதை மறைக்க அடித்தார்கள்?' விபத்தா, துருவா, திருட்டு வண்டியா, தவணை கட்டாமல் தூக்கிய வண்டியா? கன்சல்டிங்காரர் இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்க மாட்டார். கழித்துவிட்டு விலை சொல்வார்.

அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து வாய் விளிம்பைப் பார்ப்பார். கறுப்புக்கு அடியில் பச்சை ஒரு நூல் அளவு எட்டிப் பார்க்கும். சீட்டைக் கழற்றி, டேங்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். வயரின் மேலும் ரப்பர் புஷ்ஷின் மேலும் பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். பிறகு விரல் கணுவால் டேங்க்கைத் தட்டுவார். இடப்பக்கம் கணீரென்று கேட்கும். நசுங்கலை நிரப்பப் பட்டி பூசிய வலப்பக்கம் மொத்தென்று கேட்கும். துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பவர்களும் உண்டு, பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். நாங்கள் பெயிண்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் காட்டும் மீட்டர் வைத்திருக்கிறோம். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100, 150ஐச் சுற்றி நிற்கும். மேலே இன்னொரு பெயிண்ட் ஏறினால் 250, 300 ஆகும். பட்டி இருந்தால் ஆயிரத்தையும் தாண்டும். ஆக, நீங்கள் சொல்லாவிட்டாலும் டேங்க் சொல்லிவிடும். அப்புறம் நீங்கள் சொல்கிற கிலோமீட்டரையும் சர்வீஸ் கணக்கையும் அவர் நம்ப மாட்டார்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 'விழாத வண்டி' என்று பொய் சொல்லி விற்றால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யக் கோரலாம். வாய்ப்பேச்சு என்று நினைக்காதீர்கள், இப்போது எல்லாம் வாட்ஸாப்பில் பதிவாகிறது. அதனால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பட்டறை பில், டிங்கரிங் செய்வதற்கு முன் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் மூன்றையும் ஒரு கவரில் வையுங்கள். ஃபோர்க்கும் சேசிஸும் நேராக இருக்கிறது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு செக்கப் செய்து பில் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். 'டேங்க் மட்டும் நசுங்கியது, மற்றது ஒன்றுமில்லை' என்று காகிதத்தோடு சொல்பவருக்குக் கிடைக்கிற விலை வேறு.

உங்கள் பட்டறைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். சேசிஸை அப்படியே விட்டுவிட்டு டேங்க், பேனல், மட்கார்டு, ஹெட்லைட் கூடு மட்டும் அடித்திருக்கிறார். பலர் சேசிஸையும் சேர்த்து பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பருக்குள் அந்தப் பூச்சு இறங்கி உறைந்துவிட்டால், பெயர் மாற்றத்துக்கு அதன்மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியை நான் பாதி விலைக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். விளம்பரம் போடும்போது சேசிஸ் நம்பர் தெளிவாக, கம்பெனி பூச்சோடு இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

மேட் பூச்சுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் பாலிஷ் போடாதீர்கள். வழவழப்பாக ஒரு திட்டு விழும், திரும்பச் சரிசெய்ய அந்தப் பாகத்தையே முழுதாக அடிக்க வேண்டியிருக்கும். மூடியைச் சுற்றி பெட்ரோல் வழிந்த கறை இருந்தால் சோப்புத் தண்ணீரில் மென்மையாகத் துடைத்துவிட்டு விடுங்கள். உங்களுடையது பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்று எழுதியிருப்பதால் பயமில்லை. மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாக இருந்தால் பெட்ரோல் பட்ட இடம் இந்நேரம் கரைந்து வந்திருக்கும். பில்லில் பி.யு. என்று இருந்தால் அதையும் வாங்குபவருக்குக் காட்டுங்கள்.

ஆர்.சி.யில் பச்சை, ரோட்டில் கறுப்பு

'நம்பர் சரியாக இருக்கிறதே, நிறம் யார் பார்க்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிறார்கள். சோதனையில் நிறுத்தும் போலீஸ்காரர் ஆப்பில் நம்பரைத் தட்டினால் நிறமும் சேர்ந்து வருகிறது. பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் படுவதும் அதுதான்.

சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. ஆனால் பெயிண்ட் போன்ற சின்ன மாற்றங்களை அந்தத் தடைக்குள் அது கொண்டுவரவில்லை. ஆகவே கறுப்பு அடித்தது குற்றமில்லை. அடித்ததை ஆர்.சி.யில் பதியாமல் விட்டதுதான் குறை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் போட்டு, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டினால் நிறத்தைத் திருத்திக் கொடுப்பார்கள். செலவு பெரிதில்லை, அலைச்சல்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். கறுப்பு என்று போட்ட ஆர்.சி.யோடு நிற்கும் கறுப்பு வண்டியைப் பார்த்து யாரும் 'எதை மறைக்க?' என்று கேட்பதில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் அதிலேயே மீண்டுவிடும்.

ஆனால் அங்கே போவதற்கு முன் சைலன்சரை மாற்றுங்கள். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், என்னைக் கேட்டால் உங்கள் வண்டியில் பெயிண்டைவிடப் பெரிய சிக்கல் அதுதான். சத்த வரம்பை மீறும் சைலன்சருக்குப் பிரிவு 190(2)இன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று இருக்கிறது. அதோடு வண்டியைப் பார்க்க வருகிறவர் ஸ்டார்ட் செய்ததும் காதில் விழுவது, இதை ஓட்டியவர் எப்படி ஓட்டியிருப்பார் என்பது. குடும்பஸ்தர் ஒருவர் நிதானமாக ஓட்டிய வண்டியை, விரட்டி ஓட்டிய வண்டி மாதிரி நீங்களே காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பரணில் இருப்பதை இறக்கி மாட்டுங்கள், புது கேஸ்கெட் போட்டு. கழற்றியதைத் தனியாக விற்றுக்கொள்ளலாம். வண்டியோடு இனாமாகத் தராதீர்கள்.

எச்.பி. கேன்சல் அடுத்தது. கடன் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அப்போது வங்கி கொடுத்த என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும், உங்களுடையது காலாவதியாகியிருக்கும். கிளைக்குப் போய்ப் புது என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35உம் கையெழுத்தோடு வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிற வரை, வங்கி ஒப்புதல் எழுதிக் கொடுக்காமல் உங்களால் முறையாகப் பெயர் மாற்றிக் கொடுக்கவே முடியாது. பாலிசியிலும் வங்கிப் பெயர் இருக்கும், அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கன்சல்டிங்காரர் அந்த ஏழாயிரத்தில் எச்.பி.க்காகவே மூவாயிரம் பிடித்திருப்பார் என்பது என் ஊகம். அலைச்சலுக்கு அவர் போடும் கூலி அது.

பச்சைக்கே திரும்பலாமா

உங்கள் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்கு நான் வேண்டாம் என்பேன். நல்ல பட்டறையில் அடித்தால் இன்னொரு 15,000 போகும். அடித்த பிறகும் அது கம்பெனி பச்சை ஆகாது. ராயல் என்ஃபீல்டு டேங்க் கோடுகளைத் திருவொற்றியூரில் கையால் இழுத்த பரம்பரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் கோட்டைப் பட்டறையில் அப்படியே கொண்டுவருவது லேசில்லை. மீட்டர் வைத்தால் மூன்று அடுக்கு பெயிண்ட் தெரியும், சந்தேகம் கூடத்தான் செய்யும். 15,000 போட்டு ஐயாயிரம்கூட எடுக்க முடியாது.

அதற்குப் பதில் சைடு பேனல் இரண்டை மட்டும் பாருங்கள். மகள் பெயர் இருக்கும் பேனலைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அது விற்கிற பொருளே இல்லை. வேறு இரண்டு பேனல் வாங்கி, அதே பட்டறையில் அதே மேட் கறுப்பு அடித்து மாட்டச் சொல்லுங்கள். சில ஆயிரத்தில் முடியும். டேங்க்கில் குதிரை இருக்கட்டும். அது தெரியாத மாதிரி படம் எடுக்காதீர்கள், முதல் படமாகவே போடுங்கள். கருப்பராயனைக் கும்பிடுகிற குடும்பம் கொங்குப் பக்கம் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விளம்பரத்தைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகாமல் திருப்பூர், ஈரோடு, கோவை வட்டத்தில் போடுங்கள். இந்தப் பெயிண்டுக்கு விலை கொடுக்கிற ஆள் இருந்தால் அங்கேதான் இருப்பார். கன்சல்டிங்கில் அவரைப் பிடிக்க முடியாது, நேரடியாக விற்கும்போதுதான் பிடிக்க முடியும்.

சைலன்சர், எச்.பி., நிறத் திருத்தம் மூன்றும் முடிந்தபின் 1,38,000 என்று கேளுங்கள். 1,26,000க்குக் கீழே நேரடி விற்பனையில் இறங்க வேண்டாம். காருக்கு முன்பணம் கட்டும் தேதி நெருங்கி அவசரமானால் கன்சல்டிங்கில் 1,18,000 அல்லது 1,20,000க்கு முடித்துக்கொள்ளலாம். அதே வண்டியைக் காகிதத்தோடு கொண்டுபோனால் அவரே ஏற்றிக் கேட்பார்.

ஆர்மி கிரீன் கேட்பவர்

1,30,000 ரொக்கம் என்றதும் ஆசை வரும். அவர் போட்ட இரண்டு நிபந்தனைகளும் உங்களை மாட்டிவிடக்கூடியவை.

ராணுவப் பச்சை, அதாவது ஆலிவ் கிரீன், மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது. முன்னால் சொன்ன பெகாசஸ் வண்டியே வெளிநாட்டில் ஆலிவ் பச்சையிலும் கிடைத்தது, இந்தியாவில் பழுப்பு நிறத்தில் மட்டும்தான் விற்றார்கள். காரணம் இந்த விதிதான். பட்டறையில் கொடுத்து அடித்தது நீங்கள், ஆர்.சி. உங்கள் பெயரில் என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். ஷோரூமில் வேறு சாயல் பச்சைகளில் வண்டி வருகிறதே என்று அவர் வாதம் செய்வார். கம்பெனி ஒப்புதல் வாங்கி விற்கிற சாயல் வேறு, பட்டறையில் 'மிலிட்டரி மாதிரியே' என்று கேட்டுக் கலக்குகிற சாயல் வேறு.

பெயர் மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்பது இதைவிட ஆபத்து. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து மட்டும் போட்டு, பெயரும் தேதியும் எழுதாமல் கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்த வண்டி நாலு கை மாறி, ஐந்தாவது ஆள் யாரையாவது இடித்தால், இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால், நஷ்டஈட்டு நோட்டீஸ் வருவது ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கேயும் கார் அடுத்தடுத்துக் கைமாறி இருந்தது, ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை, முதல் உரிமையாளர் தலையில்தான் பொறுப்பு விழுந்தது. 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்பது அங்கே எடுபடவில்லை.

அவர் கறுப்பு வண்டியையே, குதிரையோடு, 1,30,000க்கு வாங்கச் சம்மதித்தால் தாராளமாகக் கொடுங்கள். அப்போதும் முறை இதுதான்: இரண்டு பேரும் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பம் போட வேண்டும். விற்ற 14 நாளுக்குள் தகவல் சொல்வது உங்கள் கடமை, 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது அவர் கடமை. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற அவருக்கு 14 நாள். பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள், ரொக்கம் வேண்டாம். வண்டியைக் கொடுக்கும்போது தேதி, மணி, கிலோமீட்டர், அவர் ஆதார் நகல், 'டேங்க் வலப்பக்கம் டிங்கரிங் செய்தது, நிறம் மாற்றியது தெரிந்தே வாங்குகிறேன்' என்ற ஒரு வரி, அதன்கீழ் அவர் கையெழுத்து, இவ்வளவும் உள்ள டெலிவரி ரசீது ஒன்று எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் அவர் தயங்கினால் 1,26,000 கொடுக்கிற வேறு ஆளைப் பாருங்கள். பரிவாகனில் அவர் பெயர் ஏறிய பிறகே சாவியின் இரண்டாவது செட்டைக் கொடுங்கள்.